இல்லத்துக் கணிப்பொறியும் இலவசத் தட்டொழுங்கும்

பொருளை ஈட்டுதலினும் ஈட்டிய பொருளை ஒழுங்குபடப் பேணுதலே அரிது. நெற்களஞ்சியத்திற்கும் நூல்நிலையத்திற்கும் பொருந்தும் இவ்வுண்மை, இந்நாளில் நம் இல்லங்களிற் புகுந்திருக்கும் கணிப்பொறிக்கும் சாலப் பொருந்துவதாகும். கணிப்பொறியை வாங்குமுன் எத்துணையோ பேரிடம் ஆலோசனை கேட்கின்றோம்; வாங்கிய பின்னர் அதனைப் பேணும் வகையை எவரிடமும் கேட்பதில்லை. அது சற்றே தளர்ந்தவுடன், யாரோ கூறிய மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இறக்கி அதனுட் புகுத்திவிடுகின்றோம். அங்ஙனம் புகுத்தப்பெறுவனவற்றுள் ஒன்று, கடைத்தெருவில் ‘டிஃபிராக்’ என வழங்கும் மென்பொருள். அதனை ஈண்டுத் ‘தட்டொழுங்கு’ என்று வழங்குவேன். இலவசமாயும் இலேசாயும் உள்ள தட்டொழுங்கு எது, அவற்றுள்ளும் நாம் தேர்தற்குரியது எது என்பதுபற்றி என் கருத்தை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வல்லம் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டிற் பல. ஈண்டு யான் கருதுவது தஞ்சைக்கு அணித்தாயுள்ள வல்லமன்று. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தே, ஊராட்சி ஒன்றியமாய் விளங்கும் வல்லமாகும். நெல்லும் நிலக்கடலையும் விளையும் இத்தகைய வட்டாரங்களிற் பல இல்லங்களுக்குக் கணிப்பொறி முதன்முதல் வந்தது அரசினர் கொடையாலேயாம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், அந்நாளைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அவர்கள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். எல்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்யப்பெற்ற அக்கணினிகள், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்ற மாணாக்கர் பல இலட்சம் பேருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பெற்றன. அண்ணன் பெற்றதைத் தம்பியும், அக்காள் பெற்றதைத் தங்கையும் வழிவழியாகக் கையாளும் இல்லங்கள் இன்றும் உள. அத்தகைய இல்லத்தில் அக்கணினி ஒரு விளையாட்டுப் பொருளன்று. இறுதியாண்டு மாணவன் எழுதிய ஆய்வுக்கட்டுரையும், தங்கையின் சான்றிதழ்களும், மறைந்த பாட்டியாரின் நிழற்படமும் அதனுள்ளேதான் உறைகின்றன. ஆதலின், அதனுள் எதனைப் புகுத்துவது என்னும் வினா சிறு வினாவன்று.

முதலிற் கோப்புகள் துண்டுபடுமாறு யாதெனக் காண்போம். ஏட்டுச் சுவடிகளைப்பற்றிக் கற்றோர்க்கு இது விளங்குதல் எளிது. கயிறு அறுந்து, ஓலைகள் பல சுவடிகளிற் கலந்து கிடக்குமாயின், ஒரு நூலைப் படிக்க விரும்புவோன் முதலோலையை ஒரு கட்டிலும், அடுத்த ஓலையை மற்றொரு கட்டிலும் தேடித் தேடி எடுத்தல் வேண்டும். 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் 1894-ஆம் ஆண்டிற் புறநானூற்றையும் அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களைப் போன்ற பதிப்பாசிரியர்கள், சிதைந்தும் குறைந்தும் முறை பிறழ்ந்தும் கிடந்த ஏடுகளோடு பட்ட பாட்டினைத் தமிழ் மாணாக்கர் அறிவர். கணிப்பொறியின் வன்தட்டிலும் இத்தகைய நிலை ஒன்று உண்டாகின்றது. விண்டோஸ் என்னும் இயக்கமுறைமை, வன்தட்டினைப் பெரும்பாலும் 4 கே.பி. அளவுள்ள சிறு சிறு கட்டங்களாகப் பகுத்துக் கோப்புகளை அவற்றில் வைக்கின்றது. பழைய கோப்புகளை அழிக்குந்தோறும் இடையிடையே வெற்றிடங்கள் தோன்றும். புதிய பெருங்கோப்பு ஒன்று வருங்கால், அதற்குரிய தொடர்ந்த இடம் கிட்டாதாயின், அவ்வெற்றிடங்களில் அது பல துண்டுகளாக வைக்கப்படும். எத்துண்டு எங்குளது என்பதற்குக் கணிப்பொறியிடம் ஓர் அட்டவணை உண்டு. ஆதலின் ஒன்றும் தொலைந்துபோவதில்லை. ஆயினும், எடுத்துப் படித்தற்குக் காலம் மிகுதியாகின்றது.

அக்காலம் எத்துணைத்து? மடிக்கணினிகளில் வழங்கிய வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகின்றது. படிக்கும் முனை உரிய வட்டத்திற்குச் செல்லுதற்கும், வேண்டிய கட்டம் சுழன்று அதன்கீழ் வருதற்கும் சேர்த்து, ஒரு துண்டுக்கு 15 மில்லிநொடி எனக் கொள்வோம். 10 துண்டுகளாயின் அதனை எவரும் உணரார். 1,000 துண்டுகளாயின், படிக்குங் காலத்தோடு 15 நொடி வீணே கூடிவிடும். இவ்வீண் காலத்தைக் குறைத்தற்பொருட்டு, சிதறிய துண்டுகளை மீண்டும் ஒருங்கு சேர்த்து வைப்பதே தட்டொழுங்கின் தொழில்.

இனி, தேர்வு செய்யப் புகுமுன் வினவவேண்டிய முதல் வினா, எந்த மென்பொருள் சிறந்தது என்பதன்று. என் கணிப்பொறியில் உள்ளது எவ்வகைத் தட்டு என்பதே. அண்மைக்காலத்துக் கணினிகளில் வருவது சுழலும் தட்டன்று, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பு. அதில் சுழல்வதும் இல்லை. நகரும் முனையும் இல்லை. எக்கட்டத்தை எடுப்பினும் ஏறத்தாழ ஒரே காலமே ஆகும். ஆதலின் அதிற் கோப்புகள் சிதறிக்கிடப்பதனால் வரும் கேடு மிகச் சிறிது. அஃதன்றியும், எஸ்.எஸ்.டி.யின் நினைவுக் கட்டங்கள் இத்தனை முறைதான் எழுதப்படலாம் என்னும் வரையறை உடையன. அடிக்கடி தட்டொழுங்கு செய்வது அவ்வாயுளை வீணே செலவிடுவதாகும். தன் கணினியில் உள்ளது எதுவென்று அறிதல் எளிது. விண்டோஸ் 10-இல் தேடுமிடத்தில் ‘டிஃபிராக்’ என ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு சாளரம் தோன்றும். அதில் ‘மீடியா டைப்’ என்னும் தலைப்பின்கீழ், ‘ஹார்டு டிஸ்க்’ என்றோ ‘சாலிட் ஸ்டேட்’ என்றோ எழுதப்பட்டிருக்கும். எஸ்.எஸ்.டி. உடையோர் புறத்தேயிருந்து எந்தத் தட்டொழுங்கையும் கொணர வேண்டுவதில்லை. விண்டோஸ் தானே ‘டிரிம்’ என்னும் கட்டளையால், நீக்கிய கோப்புகளின் இடத்தை அத்தட்டுக்கு அறிவித்துவிடும்.

சுழலும் தட்டு உடையோர்க்கே நம் வினா எஞ்சுகின்றது. அவர்க்கு என் விடை ஒன்றே: இலவசமாயும் இலேசாயும் உள்ள தட்டொழுங்கு, முன்னரே அவர்தம் கணிப்பொறியில் இருக்கின்றது. அதனை விடுத்துப் புறத்தே தேடி அலைதல், தன் வீட்டுக் கிணற்றை மூடிவைத்துவிட்டு அடுத்த ஊர்க் குளத்திற்குக் குடம் சுமப்பதை ஒக்கும்.

‘விண்டோஸில் உள்ளது பயனற்றது, வெளியிலிருந்து வருவதே வல்லது’ என்னும் நம்பிக்கை பலரிடம் வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை முற்றும் ஆதாரமற்றதன்று. காலங்கடந்தது என்பதே என் கருத்து. 1993-ஆம் ஆண்டில் எம்.எஸ். டாஸ் 6-ஆம் பதிப்பிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு தட்டொழுங்கினைச் சேர்த்தளித்தது. அது சைமன்டெக் நிறுவனத்தினிடம் உரிமம் பெற்றது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இருந்தது, வேறொரு நிறுவனத்தாரின் டிஸ்க்கீப்பர் என்னும் மென்பொருளின் சுருக்க வடிவம். அது ஒரு நேரத்தில் ஒரு தட்டுப்பகுதியையே செப்பஞ்செய்யும். குறித்த காலத்திற் றானே தொடங்கும் வசதியை அதன் சாளரத்திற் காணோம். அக்காலத்திற் புறத்து மென்பொருள்களைத் தேடியோர் தக்க காரணம் பற்றியே தேடினர். ஆனால் 2009-இல் வந்த விண்டோஸ் 7, புதன்கிழமைதோறும் அதிகாலை 1 மணிக்குத் தானே தொடங்குமாறு அமைக்கப்பெற்றது. அந்நேரத்திற் கணினி அணைந்திருக்குமாயின், பின்னர் ஓய்ந்திருக்கும் வேளையில் அது தன் பணியைச் செய்யும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, சுழலும் தட்டுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் வேறுபாடறிந்து அவ்வவற்றிற்கு ஏற்றதைச் செய்கின்றது. காரணம் ஒழிந்தது, பழைய புகழ் மட்டும் ஒழிந்திலது.

புறத்து மென்பொருள்களையும் நடுநிலையோடு நோக்குதல் கடமை. பைரிஃபார்ம் நிறுவனத்தாரின் டிஃபிராக்லர், தட்டு முழுவதையுமன்றி ஒரு கோப்பினை மட்டுமே எடுத்துச் செப்பஞ்செய்ய வல்லது. நிறுவாமலே இயக்கத்தக்க வடிவமும் அதற்குண்டு. ஆஸ்லாஜிக்ஸ், ஐயோபிட் என்னும் நிறுவனங்களின் தட்டொழுங்குகளும் இலவசப் பதிப்புடையன. ஜெரோன் கெசல்ஸ் என்பார் இயற்றிய ஜே.கே. டிஃபிராக், மூலநிரலை எவரும் காணுமாறு பொது உரிமத்தில் வெளிவந்தது. 2008-ஆம் ஆண்டோடு அதன் வளர்ச்சி நின்றது. அல்ட்ரா டிஃபிராக் என்பதும் அத்தகைய பொது உரிமத்தில் வழங்கி, 8-ஆம் பதிப்பு முதல் தனியுரிமைப் பொருளாயிற்று. இவற்றுட் பெரும்பாலானவை, 1996-இல் வந்த விண்டோஸ் என்.டி. 4 முதலாக இயக்கமுறைமையே திறந்துவைத்துள்ள ஒரு வாயிலின் வழியாகவே கோப்புகளை நகர்த்துகின்றன. கை ஒன்றே, உறைகள் வேறு.

‘அவற்றின் வரைபடத்தில் துண்டுபட்ட கட்டங்கள் சிவப்பாகத் தெரிகின்றன, அச்சிவப்பு முழுதும் மறையும்வரை அவை செப்பஞ்செய்கின்றன, விண்டோஸோ சிலவற்றை அப்படியே விட்டுவிடுகின்றதே’ என்று வினவுவார் உளர். இது மறுமொழி கூறத்தக்க வினாவே. விஸ்டா முதலான பதிப்புகள், 64 எம்.பி.க்கு மேற்பட்ட துண்டுகளை இயல்பாக ஒன்று சேர்ப்பதில்லை. ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 ஜி.பி. அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்பு, 64 எம்.பி. அளவில் 16 துண்டுகளாகக் கிடக்கின்றது எனக் கொள்க. துண்டு ஒன்றுக்கு 15 மில்லிநொடியாக 16 துண்டுகளுக்கு 240 மில்லிநொடி, அஃதாவது கால் நொடி வீணாகும். நொடிக்கு 100 எம்.பி. படிக்கும் தட்டு, அக்கோப்பு முழுவதையும் படித்தற்கோ 10 நொடிக்குமேல் ஆகும். 10 நொடியிற் கால் நொடியை மிச்சப்படுத்துதற்காக, 1 ஜி.பி.யை ஓரிடத்திற் படித்து மற்றோரிடத்தில் எழுதுவது ஆதாயமாகுமா? படத்திலுள்ள சிவப்பு கண்ணை உறுத்துகின்றது, கணினியை உறுத்துவதில்லை. ஏதேனும் ஒரு கோப்பு மட்டும் மிகச் சிதறிக் கிடக்குமாயின், மார்க் ருசினோவிச் என்பார் இயற்றிய கான்டிக் என்னும் சிறு கருவி உண்டு. அவர்தம் சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாப்ட் வாங்கியதனால், அதுவும் இன்று அந்நிறுவனத்தாரிடமிருந்தே விலையின்றிக் கிடைக்கின்றது.

இனி, இலவசம் என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். விலை கொடாமற் பெறுவது ஒன்று. வேறு வகையில் விலை கொடுத்துப் பெறுவது மற்றொன்று. இலவச மென்பொருள்கள் பலவற்றை நிறுவுங்கால், வேறொரு மென்பொருளையும் உடனேற்க இசையுமாறு ஒரு சிறு கட்டம் முன்னரே குறியிடப்பட்டு நிற்றல் பெருவழக்கு. அவ்வாசகம் ஆங்கிலத்தில் உள்ளது, எழுத்தும் சிறிது. ‘நெக்ஸ்ட்’ என்னும் பொத்தானை ஐந்து முறை அழுத்துதல் ஒன்றையே கற்றுக்கொண்ட நம் மாணாக்கர், எதற்கு இசைவு கொடுத்தோம் என்பதை அறியாமலே இசைந்துவிடுகின்றனர். தட்டினை விரைவாக்கப் போந்தவர்க்கு, விளம்பரம் காட்டும் புதிய சுமைகள் இரண்டு மூன்று வந்து சேர்கின்றன. கணினி முன்னினும் தளர்கின்றது. அதனைத் தீர்க்க வேறொரு மென்பொருள் தேடப்படுகின்றது!

நற்பெயருடைய நிறுவனமாயின் அஞ்சவேண்டா என்பாரும் உளர். 2017-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை அவர்க்கு நினைவூட்டுகின்றேன். டிஃபிராக்லரை ஆக்கிய பைரிஃபார்ம் நிறுவனத்தார், சிசிகிளீனர் என்னும் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளையும் ஆக்கியோராவர். அந்நிறுவனத்தை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அவாஸ்ட் நிறுவனம் வாங்கிற்று. அவ்வாண்டே செப்டம்பரில், சிசிகிளீனரின் 5.33 என்னும் பதிப்பினுள் தீயோர் தம் நிரலை மறைத்துவைத்திருந்தமை வெளிப்பட்டது. அப்பதிப்பு, நிறுவனத்தாரின் சொந்த இருப்பிடத்திலிருந்தே, அவர்தம் முத்திரையுடனேயே பரவிற்று. 22 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கணினிகளில் அது புகுந்திருந்தது. நிறுவனத்தார் வஞ்சித்தாரல்லர், அவரே வஞ்சிக்கப்பட்டனர். ஆயினும் இதனால் நாம் அறிவது ஒன்றுண்டு: கணிப்பொறியினுள் முழு அதிகாரத்தோடு நுழையும் ஒவ்வொரு மென்பொருளும் வீட்டுக்கு மேலும் ஒரு வாயிலாகும். தேவையில்லாத வாயில் எதற்கு?

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, தட்டொழுங்கிற்கு முன் கோப்புகளின் பிரதியை வேறோரிடத்தில் எடுத்து வைத்தல் வேண்டும். இதனை எத்துணை வற்புறுத்தினும் தகும். தட்டொழுங்கு, தட்டு முழுவதையும் உழைக்கச் செய்வது. நலமுள்ள தட்டுக்கு அதனால் தீங்கில்லை. பழைய தட்டு ‘டிக் டிக்’ என ஒலிக்குமாயின், அல்லது கோப்புகள் திறவாமல் இடையிடையே நின்றுவிடுமாயின், அது நோயுற்றது என்பது கருத்து. நோயாளியை ஓடவிட்டு நலம்பெறச் செய்வார் உண்டோ? அந்நிலையிற் கோப்புகளைப் பிரதியெடுத்துக் காத்தலே செய்யத்தக்கது, தட்டொழுங்கு செய்யத்தகாதது. இரண்டாவது, தட்டில் 15 விழுக்காடேனும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். 320 ஜி.பி. தட்டாயின் 48 ஜி.பி. ஆகும். இடமின்றேல் எந்த மென்பொருளும் ஓலைகளைப் பிரித்து அடுக்க மாட்டாது. பயனற்ற திரைப்படங்களை நீக்குதல் ஒன்றே பலவேளைகளிற் பாதி மருந்தாகும். மூன்றாவது, மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்து, முதலில் ‘அனலைஸ்’ என்னும் பொத்தானை அழுத்திச் சோதித்து, சிதறல் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டிருப்பின் மட்டுமே ‘ஆப்டிமைஸ்’ என்பதனை அழுத்துக. கணினியைப் பயன்படுத்தியவுடன் அணைத்துவிடும் இல்லங்களில், திங்களுக்கொருமுறை சோதித்தல் சாலும்.

இவற்றைச் செய்தும் கணினி விரையாதாயின், குற்றம் தட்டின் சிதறலில் இல்லை என்று துணியலாம். 2 ஜி.பி. நினைவகம் மட்டும் உடைய கணினியில், தொடங்கும்போதே பத்து மென்பொருள்கள் எழுந்து நிற்குமாயின், தட்டொழுங்கு என்ன செய்யும்? அம்மென்பொருள்களை நிறுத்துதலும், இயலுமாயின் சுழலும் தட்டினை நீக்கி ஒரு சிறு எஸ்.எஸ்.டி.யினை வைத்தலுமே உண்மையான பரிகாரம். விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நின்றன. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவும் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. எனவே பழைய கணினி உடையோர், லினக்ஸ் வகையைச் சார்ந்த ஓர் இயக்கமுறைமையைக் கருதுதலும் நன்று. சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸ் நம் நாட்டதே. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு முறைமை, எழுதும்போதே தொடர்ந்த இடம் பார்த்து எழுதுவதாதலின், அங்குத் தட்டொழுங்கின் தேவை மிக அரிது.

இறுதியாக நம் கல்லூரிச் சமூகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இத்துணைச் செய்திகளும் ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கின்றன. வல்லத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் வரும் மாணாக்கர்க்கோ அவை எட்டாக் கனியாய் உள்ளன. கணினிக்கூடத்தார் ஆண்டுக்கொருமுறை ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மாணாக்கர் தம் பழைய மடிக்கணினிகளைக் கொணர்ந்து, பிரதியெடுக்கவும் தட்டினை அறியவும் சோதிக்கவும் பழகுமாறு செய்வாராயின் பேருதவியாகும். அதற்குரிய குறிப்பினை இரண்டு பக்க அளவில் எளிய தமிழில் எழுதித்தரும் கடமை தமிழ் பயிலும் நம்மைச் சாரும். தமிழ் கற்றோர் பழைய ஏடுகளை ஒழுங்குபடுத்தியது போதும் என்று இருந்துவிடலாகாது. இக்காலத்து ஏடுகளுக்கும் நாம் பொறுப்புடையோம். பழைய மாணவர்களுள் இத்துறையில் வல்லோர் பலர் உளர். அவர்கள் ஒரு நாள் வந்து உதவத் தயங்கார் என நம்புகின்றேன்.

நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரேயன்றி வேறல்லோம் என்று சிறுவயதிலிருந்தே ஆலயங்களிற் கேட்டு வருகின்றோம். ஏழைப் பெற்றோர் இல்லத்திலுள்ள ஒரே கணினியும் அவ்வாறு ஒப்புவிக்கப்பட்டதேயாம். உள்ளதை அறிந்து, உள்ளதைக்கொண்டு, வேண்டியதை மட்டும் செய்தலே நல்ல உக்கிராணத்துவம். இலவசம் என்றவுடன் கை நீட்டாது, படித்துப் பார்த்து இசையும் பழக்கம் நம்மிடையே பெருகுவதாக!